பதினான்கு நாள் சொகுசுப் பயணம்: அக்காவுக்கு நான் போட்ட திட்டம்

சொகுசுச் சுற்றுலா என்று சொன்னால் எமது பெண்கள் சிரிப்பார்கள். "அது எங்களுக்கில்லாத கதை" என்று எழுந்தும் போய்விடுவார்கள். ஆனால் 2025ஆம் ஆண்டில் மாத்திரம் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் இலங்கைக்கு வந்து போயிருக்கிறார்கள். எமது புலம்பெயர்ந்த உறவுகளும் அந்தக் கணக்கில் அடக்கம். இவர்களுடைய பயணத் திட்டத்தை எங்கோ ஒருவர் இருந்து எழுதுகிறார். எந்த ஊரில் தங்குவது, மத்தியானச் சாப்பாடு எங்கே, வான் எந்தக் கடைவாசலில் நிற்பது என்று அவர் எழுதுகிற எழுத்தில்தான் காசு யார் கைக்குப் போகிறது என்பதும் முடிவாகிறது. அந்த எழுத்தை எழுதும் வேலை 2025இல் எனக்குக் கிடைத்தது.

என் பெரியம்மாவின் மூத்த மகள் 1996இல் கனடா போனவர். ரொறன்ரோவில் வயோதிபர் இல்லமொன்றில் இரவு வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். "பிள்ளையளுக்கு ஒருக்கா நாட்டைக் காட்டவேணும். ஆனா சொந்தக்காரற்ற வீடுகளில படுத்து, அடுப்படியில நிண்டு நானே சமைச்சுக்கொண்டு திரிய ஏலாது. காசு சேர்த்து வைச்சிருக்கிறன். நல்ல இடமாப் பார்" என்றார். நான் கிளிநொச்சியில் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பனையோலைப் பொருட்களை ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். அதனால் எந்த ஹோட்டலின் முன்வாசல் எப்படி, பின்வாசல் எப்படி என்று ஓரளவு தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அக்கா என்னிடம் கேட்டார்.

அக்கா சொன்ன சொகுசைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேறொருவர் சமைக்க வேண்டும், வேறொருவர் துவைக்க வேண்டும், தான் சும்மா இருக்க வேண்டும். கோடீஸ்வரர் கேட்பதும் இதைத்தான், இரவு வேலை செய்த பெண் கேட்பதும் இதைத்தான். அந்த வேறொருவர் யார் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

காற்றைப் பார்த்துத்தான் அறை பிடிக்க வேண்டும்

அக்கா முதலில் அனுப்பிய பட்டியலில் பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸவில் திமிங்கிலம், யால என்று எல்லாமே தெற்காக இருந்தன. கொழும்பிலிருந்த ஒரு பயண முகவரும் அதையே அழகான படங்களோடு அனுப்பியிருந்தார். அந்தத் திட்டத்தில் தம்புள்ளைக்கு வடக்கே நாடே இல்லை! பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையோ ஓகஸ்ட் மாதம். ஓகஸ்டில் தெற்குக் கடலில் அலை கொந்தளிக்கும். அந்த நேரத்தில் பெந்தோட்டையில் எவ்வளவு காசு கொடுத்து அறை எடுத்தாலும் கடலைக் கண்ணால் பார்க்கலாமே தவிர இறங்க முடியாது.

இந்த நாடு 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஆனாலும் இரண்டு பருவக்காற்று இதைப் பங்குபோட்டு வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. யாழ்ப்பாணத்தில் அதைச் சோளகம் என்போம், மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். அந்த மாதங்களில் மழை முழுவதும் மேற்குச் சரிவில் கொட்டிவிடும். மலையைத் தாண்டி வரும் காற்று காய்ந்து சூடாகிக் கிழக்கே இறங்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இது தலைகீழ். வாடைக்காற்று வடக்கையும் கிழக்கையும் நனைக்க, தெற்குக் கடல் குளம்போலக் கிடக்கும். எனவே ஓகஸ்டில் வருபவருக்குக் கடல் வேண்டுமென்றால் பாசிக்குடாவும் நிலாவெளியும்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பெண் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். முகவருக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெற்கையே விற்றார்.

மலையகத்துக்கும் இதே கணக்குத்தான். ஓகஸ்டில் ஹட்டன் பக்கம் மூடுபனியும் மழையுமாக இருக்கும். மலையின் மறுபுறம் ஊவா வெயிலும் காற்றுமாக இருக்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை அந்த வரண்ட காற்றில் காயும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலை என்று உலகச் சந்தையில் பெயர். ஆகவே ஹப்புத்தளை என்று முடிவு செய்தேன்.

கடைசி நாட்கள் அத்தானின் விருப்பம். அந்த ஆண்டு நல்லூரில் யூலை இறுதியில் கொடியேறி, ஓகஸ்ட் மூன்றாம் வாரத்தில் தேர். தேரைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்றார். தேர்நாளிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நீர்கொழும்பில் ஓர் இரவு, ஹபரணையில் இரண்டு, ஹப்புத்தளையில் மூன்று, பாசிக்குடாவில் மூன்று, நிலாவெளியில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் மூன்று. பதின்மூன்று இரவுகள். கண்டியை விட்டுவிட்டேன். பெரஹெராக் காலத்தில் அங்கே அறை விலை எகிறும், வீதியில் வான் நகராது.

யானையும் கொழுந்தும்

ஹபரணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீகிரியக் குன்று ஒரு காலை. மின்னேரியாக் குளம் ஒரு மாலை. வெயிலில் குளத்து நீர் வற்ற, கரையில் இளம்புல் முளைக்கும். அதை மேய யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்க்கத்தான் வெளிநாட்டவர் ஜீப்புக்கும் சீட்டுக்குமாக டொலரைக் கொட்டுகிறார்கள். "சித்தி, நூறு யானை பாத்தனாங்கள்!" என்று பெறாமகள் தொலைபேசியில் கத்தினாள். எங்கள் சங்கத்துப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு வேறு. இங்கே யானை என்றால் வாழையும் தென்னங்கன்றும் போன கணக்கு, இரவில் யானைவெடி கொளுத்திக்கொண்டு விழித்திருக்கும் வேலை.

ஹப்புத்தளையில் பிடித்தது ஒரு பழைய துரை பங்களா. இரண்டு அறைக்கும் சேர்த்து ஓர் இரவுக்கு 600 டொலர். அப்போது ஒரு டொலர் சுமார் 300 ரூபா, ஆக 180,000 ரூபா. பங்களாவின் புல்வெளிக்குக் கீழே கொழுந்து எடுக்கும் பெண்ணின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்த ஓர் இரவு வாடகை அவளுக்கு 133 நாள் சம்பளம். இதை அக்காவிடம் சொல்லி அவரைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. அவரும் உழைத்த காசுதான். ஆனால் பயணக் குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன்: "கொழுந்து எடுப்பவர்களைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். நிறை குறைந்தால் அவர்களுக்குச் சம்பளம் குறையும்."

மலையகம் எமக்கு அந்நிய ஊரல்ல. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பின்னும் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. எங்கள் சங்கத்திலேயே பலர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் தன் பாட்டி பிறந்த தோட்டம் ஹப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தைப் பக்கம் என்றார். ஒருநாளும் போனதில்லையாம். அந்தச் சரிவில்தான் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது. அந்தச் சரிவில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. முகவரின் படப்புத்தகத்தில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. திட்டம் எழுதுபவர் மற்றதையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளுக்கு அங்கே மிகவும் பிடித்தது பங்களா அல்ல, ரயில். ஹப்புத்தளையிலிருந்து எல்ல தாண்டி, 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலாகத் தெமோதரை வரை. ஆசனப் பதிவு முப்பது நாட்களுக்கு முன் திறந்தவுடனேயே முதலாம் வகுப்பு முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போனார்கள். வடை விற்ற ஒருவர், முட்டைக்கோசு மூட்டையோடு ஓர் அம்மா, கதவோரம் பாட்டுப் பாடிய பொடியன்கள். சொகுசுப் பயணத்திலேயே மலிவான பகுதி அது.

பதுளை வீதியில் ஒரு மத்தியானம்

சகோதரிகளே, இனி நான் சொல்லப்போவதுதான் எமக்கு உதவக்கூடிய பகுதி. ஹோட்டல் வாடகையில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் ஒரு ஹோட்டலுக்கும் அடுத்த ஹோட்டலுக்கும் இடையில் ஒரு முழுப்பகல் இருக்கிறது. அந்தப் பகலில் பசிக்கும், தாகமெடுக்கும், மலசலகூடம் தேவைப்படும். முகவர்கள் இந்தப் பகலை ஏதாவது பெரிய கடைக்குக் கொடுத்து, அங்கிருந்து தரகு வாங்கிக்கொள்வார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து பாசிக்குடாவுக்குப் போகும் வழி பதுளை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி. மட்டக்களப்பார் பதுளை வீதி என்பார்கள். நாட்டின் மாற்றத்தை ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. காலையில் கம்பளிச் சட்டை, யூகலிப்டஸ் வாசம். பதுளை தாண்டினால் வளைந்து வளைந்து இறக்கம். பிபிலைக்குப் பிறகு பற்றைக்காடு. மகா ஓயாவில் நிலத்திலிருந்து வெந்நீர் ஊறுகிறது. புல்லுமலை, கரடியனாறு வரும்போது கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். சேனைகள், குளங்கள், மாட்டுப்பட்டிகள். போரில் பல தடவை வெறுமையாகி, பல தடவை மீண்டும் குடியேறிய ஊர்கள் இவை. சுற்றுலா வான்கள் இவற்றை நிற்காமல் கடந்து போகின்றன.

கரடியனாற்றுப் பக்கம் எங்களோடு தொடர்புள்ள ஒரு பெண்கள் குழு இருக்கிறது. ஐந்து பேர். மூவர் கணவரை இழந்தவர்கள். "ஆறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு தரலாமா?" என்று கேட்டேன். முதலில் பயந்தார்கள். "கனடாக்காரர் எங்கட ஊட்டுல என்னத்தத் திங்கிற?" என்றார் ஒருவர். நான் சொன்னேன், புதிதாக ஒன்றும் வேண்டாம், ஃபிரைட் ரைஸ் வேண்டவே வேண்டாம், நீங்கள் நல்லநாளில் சமைப்பதைச் சமையுங்கள். குளத்து விரால் குழம்பு, குரக்கன் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல், பிறகு எருமைத் தயிரும் தேனும்.

சாப்பாட்டைவிடப் பெரிய வேலை மலசலகூடம். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கதவுக்குக் கொண்டி இல்லை, உடுப்புக் கொழுவ ஆணி இல்லை, இருட்டு. சுழற்சி நிதியிலிருந்து 8,000 ரூபா எடுத்தார்கள். கொண்டி, கொழுவி, கண்ணாடி, மின்குமிழ், கைகழுவும் குழாய், இரண்டு வெள்ளைத் துவாய். குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர், போத்தலில் குளிரவைத்து. ஆட்கள் வந்ததும் சுற்றி நின்று பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள். இது நான் ஹோட்டல்களில் கண்டு கற்றது. காசு கொடுத்து வருபவர் அலங்காரத்தை அவ்வளவு பார்ப்பதில்லை. கதவு பூட்டுகிறதா, தண்ணீர் சுத்தமா, சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வருகிறதா, கேட்ட விலையும் கடைசியில் சொல்லும் விலையும் ஒன்றா என்று பார்ப்பார்கள்.

ஒருவருக்கு 2,000 ரூபா என்று முன்கூட்டியே பேசினோம். அக்கா குடும்பம் நால்வர், சாரதி, நான். மொத்தம் 12,000. சாமான் செலவு 4,500 போக ஆளுக்கு 1,500 ரூபா கிடைத்தது. அன்றிரவு பாசிக்குடா ஹோட்டலில் ஒருவர் சாப்பாட்டுக்கு 25 டொலர், அதாவது 7,500 ரூபா. இரண்டையும் சாப்பிட்ட பெறாமகன் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்கா 5,000 ரூபா சந்தோசமாகக் கொடுக்கப் போனார். நான் தடுத்து, குழுவின் பெட்டியில் போடச் சொன்னேன். தனியொருவர் கையில் கொடுத்தால் அடுத்த நாளே சண்டை வரும்.

இந்த ஐவரில் யாரும் தங்கள் கதையை அன்று சொல்லவில்லை. அதுவும் நாங்கள் முதலே பேசிக்கொண்டது. சில அமைப்புகள் விருந்தினரை அழைத்து வந்து, பெண்ணை முன்னால் இருத்தி, கணவன் எப்படிக் காணாமல் போனார் என்று சொல்லவைத்து, பிறகு சாப்பாடு கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. விற்பது விரால் குழம்பு, அதற்கு விலை உண்டு.

பாசிக்குடா

பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரத்துக்கு இடுப்பளவுதான். அலை இல்லை. நீந்தத் தெரியாத பெண்ணும் பயமின்றி இறங்கலாம். 1970களிலேயே ஹோட்டல்கள் இருந்த இடம், போரில் பாழடைந்து, 2011இலிருந்து வரிசையாகப் புதிய ஹோட்டல்கள் எழுந்தன. அதனோடு கரைவலையும் தோணியும் வைத்திருந்த குடும்பங்கள் தங்கள் கரை சுருங்கிவிட்டதாக முறைப்பட்டதும் நடந்தது. அழகான கடற்கரைக்கு எப்போதும் முன்சொந்தக்காரர் ஒருவர் இருப்பார்.

இந்த ஹோட்டல்களில் எமது பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மிகக் குறைவு. நாடு முழுவதிலும் சுற்றுலாத் துறையின் பதிவான வேலைகளில் பெண்கள் சுமார் பத்து வீதம்தான். "ஹோட்டல் வேலைக்குப் போன பிள்ளை" என்று ஊர் கதைக்கும் என்பது வழமையான பதில். நான் அந்தப் பதிலைப் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் பேசிப் பார்த்தபோது, இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்தால் எப்படி வீட்டுக்கு வருவது என்பதே தாய்மாரின் முதல் கேள்வியாக இருந்தது. வாசல்வரை வான் விடும் ஓர் ஹோட்டலில் பிள்ளைகள் வருடக்கணக்காக நிற்கிறார்கள். வான் விடாத இடத்தில் மூன்று மாதத்தில் விலகிவிடுகிறார்கள். கலாசாரம் அதே கலாசாரம்தான், வித்தியாசம் வானில் இருக்கிறது. தெற்கே அறுகம்பையில் 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியபோதும் ஊர் கதைத்தது. கழகம் நிலைத்தது.

வேலைக்குப் போக முடியாதவர்கள் பொருளை அனுப்பலாம். அக்கா தங்கிய அறையில் அழுக்குத் துணி போடும் கூடை எங்கள் சங்கத்தின் பனையோலைக் கூடை. அந்த ஹோட்டல் 120 கூடை எடுத்தது. எடுக்கும்போது அவர்கள் கேட்டவற்றை எழுதுகிறேன், பிறருக்கும் பயன்படும்: எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயர். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. பணம் 45 நாட்களுக்குப் பிறகு. இந்தக் கடைசி நிபந்தனைதான் எமது பெண்களை முறிப்பது. ஓலைக்கும் சாயத்துக்கும் கைக்காசு போட்டுவிட்டு ஒன்றரை மாதம் காத்திருக்க யாரால் முடியும்? பாதி முற்பணம் கேட்டோம். மூன்றில் ஒன்று தந்தார்கள். கேட்டிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

வெறுமையாக விட்ட கட்டம்

பாசிக்குடாவிலிருந்து நிலாவெளிக்குக் கரையோர வீதி. வாகரை, பனிச்சங்கேணி, வெருகல். இப்போது பாலங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் முடிந்துவிடுகிற பயணம். 2006ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் சனங்கள் இதே திசைக்கு எதிராக வாகரைக்கு நடந்து வந்தார்கள். திட்டம் எழுதுவதற்காக வரைபடத்தில் கோடு போட்டபோது எனக்கு ஒன்று விளங்கியது. எமது பெண்களுக்கு இந்த நாட்டின் பாதைகள் நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் நிழல் என்று கூடத் தெரியும். சுற்றுலாவாக அல்ல, மூட்டையோடு போய் அறிந்தவை.

நிலாவெளியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நாளில் சிக்கல் வந்தது. பெறாமகனுக்குப் பதினேழு வயது. முள்ளிவாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்றான். அக்கா வேண்டாம் என்றார். "விடுமுறைக்கு வந்தனாங்கள், அழுறதுக்கில்லை." அத்தான் நடுவே, போகிற வழியில் பத்து நிமிடம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. போர் முடிந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்ததை நாங்கள் பார்த்தவர்கள். நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் நடத்திய ஓய்வு விடுதியும் இருந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் குடும்பமும் சேரக்கூடாது.

போவதென்றால் அந்த நாள் முழுவதும் அதற்கு என்றேன். பாதையை மாற்றி எழுதினேன். ஹொரவப்பொத்தானை, வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, வட்டுவாகல் பாலம், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, பரந்தன், யாழ்ப்பாணம். வழிகாட்டி இல்லை, ஹோட்டல் சாப்பாடு இல்லை. வவுனியாவில் அம்மாச்சி உணவகத்தில் பார்சல் கட்டிக்கொள்வது. (வடமாகாண விவசாயத் திணைக்களம் இடம் கொடுக்க, பெண்களே சமைத்து விற்கும் கடைகள் அவை. போகும் வழியில் கண்டால் நில்லுங்கள்.) நான் எழுதிய அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 'பார்க்கும் இடங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த நாளின் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். என்ன பார்த்தோம், யார் எங்கே நின்றோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அக்காவும் வானிலிருந்து இறங்கினார் என்பது மட்டும் போதும்.

நாற்சார் வீடு

யாழ்ப்பாணத்தில் முதல் இரவு நகரத்து ஹோட்டல். அடுத்த இரண்டும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் நாற்சார் வீடு. திருவிழாக் காலம் என்பதால் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு அறைக்குத்தான் குளியலறை சேர்த்திருந்தார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டு விடுதியாகப் பதிந்திருக்கிறார். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அறை சுத்தமாக இருக்க வேண்டும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பதிவு இருந்தால் வெளிநாட்டு முகவர்கள் தயக்கமின்றி ஆள் அனுப்புவார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள், வெறுமையான பெரிய வீடு, தனித்த தாய் என்று எத்தனை வீடுகள் எமது ஊர்களில் இருக்கின்றன! அவர்கள் யோசிக்க வேண்டிய விடயம் இது.

யாழ்ப்பாணம் மற்ற இடங்களைப்போலக் கண்ணை இழுக்கும் நிலமல்ல. மலை இல்லை, வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லும் அதன் அடியில் மழை சேர்த்துவைத்த தண்ணீரும்தான். செம்மண் தோட்டம், கிணறு, வேலி, பனை. சில நாட்களுக்கு முன் அருவியைப் பார்த்த பிள்ளைகள் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்கள். கிணற்றை நம்பி ஒரு குடாநாடே வாழ்ந்தது என்று ஆசிரியைதான் விளங்கப்படுத்தினார். இரவில் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார், பருவம் அதுதானே. நெடுந்தீவு திட்டத்தில் இருந்தது. சோளகத்தில் கடல் கொஞ்சம் ஆடியதால் அக்கா மறுத்துவிட்டார். குதிரையும் கல்வேலியும் அடுத்த முறைக்கு. தேரன்று நால்வரும் சுடுமணலில் வெறுங்காலோடு நின்றார்கள்.

கணக்கு முடித்தபோது மொத்தச் செலவில் பாதிக்கு மேல் ஹோட்டல்களுக்கு. வானுக்கும் சீட்டுகளுக்கும் அடுத்த பங்கு. பெண்களின் கைக்கு நேரடியாகப் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் பெரும்பகுதி ஆசிரியைக்கு. திருப்தியான கணக்கல்ல. முகவரின் திட்டப்படி போயிருந்தால் அதுவும் இல்லை என்பதும் உண்மை.

அவர்கள் போய் மூன்று மாதத்தில், 2025 நவம்பர் இறுதியில், டிட்வா புயல் வந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிள்ளைகள் நின்றுகொண்டு போன மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. மலையகம் போகத் திட்டமிடுவோர் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது, எந்த வீதி திறந்திருக்கிறது என்று விசாரித்தே நாள் குறிக்க வேண்டும். பங்களாவை மட்டும் விசாரிக்காமல் அதன் கீழுள்ள லயன்களையும் விசாரியுங்கள்.

அக்காவின் வேலைத்தலத் தோழியர் இருவர் தங்கள் குடும்பங்களோடு வர விரும்பி எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். கரடியனாற்றுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "எத்தின பேர்? எந்தத் திகதி? உறைப்புத் திங்குவாங்களா? ரெண்டாவது பாத்ரூமுக்கு இந்த மாதமே கல் வாங்கட்டா?"